தென்னையிலிருந்து விழுந்த தம்பிக்குத் தண்டுவடக் காயம்: எதிர்ப்புச் செல்களை அடக்குவதா, தூண்டுவதா?

பாமணிக்கரை (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். நெல்லுக்கும் தென்னைக்கும் இங்கே பலமுறை விடை பெற்றிருக்கிறேன். இப்போது கேட்பது வேறு விஷயம். மருத்துவம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

என் தம்பி தேங்காய் பறிக்கும் தொழிலாளி. வயது 29. சித்திரைக் கடைசியில், கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மரம் ஏறியிருக்கிறான். உச்சியில் அவன் பற்றியது காய்ந்த மட்டை. அது கையோடு வந்துவிட்டது. மண்ணில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. பம்புசெட்டுத் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் மேல்முதுகு மோதிவிட்டது. நெஞ்சுப் பகுதியின் 4ஆவது முள்ளெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிட்டது என்றார்கள். அறுவை செய்து கம்பி வைத்தாயிற்று. கைகள் நன்றாக இயங்குகின்றன. மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

மருத்துவர் சொன்ன ஒரு வார்த்தை எங்கள் வீட்டைக் கலக்கிவிட்டது. "அடிபட்டதால் வந்த சேதம் பாதி, பிறகு உடம்பின் எதிர்ப்புச் செல்கள் வந்து செய்த சேதம் பாதி" என்றார். அப்படியானால் முதலில் கொண்டுபோன இடத்தில் அந்தச் செல்களை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியை ஏன் போடவில்லை? அது அலட்சியம்தான், கேஸ் போடலாம் என்கிறார் சித்தப்பா. மாமாவோ எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டும் என்று சூரணமும் ஊசியும் வாங்கி வந்திருக்கிறார். இதற்கிடையே வெளியூர் நிலையம் ஒன்று, ஸ்டெம் செல் என்ற மூலச் செல்லைச் செலுத்தி எதிர்ப்புச் செல்களைச் சீராக்கி நரம்பை வளர்த்துவிடுவதாகச் சொல்கிறது. கேட்கும் தொகைக்கு இருக்கிற மூன்று மா நிலத்தையும் விற்றாக வேண்டும். அடக்குவதா, கூட்டுவதா, சீராக்குவதா? மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதே.

அரசலாறு (கும்பகோணம்)

படித்ததும் மனம் கனத்துவிட்டது. நான் நோய் எதிர்ப்பியலில் ஆய்வு செய்பவள், மருத்துவர் அல்ல. தம்பியின் மருந்துகளைப் பற்றி அவருடைய மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் தண்டுவடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும். அது தெரிந்தால் மூன்று பேச்சில் எதை நம்புவது என்பது ஓரளவு உங்களுக்கே விளங்கும்.

மருத்துவர் சொன்ன "பாதிக்குப் பாதி" அளவுக் கணக்கு அல்ல, புரியவைக்கச் சொன்னது. ஆனால் அடிப்படை சரிதான். எலும்பு நசுக்கிய கணத்தில் செத்த நரம்புச் செல்கள் ஒரு பங்கு. அதன் பிறகு மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் சுற்றிலும் பரவுகிற சேதம் இன்னொரு பங்கு. இரத்தக் கசிவு, ஆக்சிஜன் தட்டுப்பாடு, செத்த செல்களிலிருந்து வெளியேறும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் இவற்றோடு எதிர்ப்புச் செல்களும் இந்த இரண்டாம் கட்டத்தில் சேர்ந்துகொள்கின்றன.

முதலில் விழித்துக்கொள்பவை மைக்ரோக்ளியா. இவை வெளியிலிருந்து வருபவை அல்ல; தண்டுவடத்திலும் மூளையிலும் நிரந்தரமாகக் குடியிருப்பவை. நாம் கருவாக இருந்தபோதே மஞ்சள்கருப் பையிலிருந்து புறப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தவை. காயத்திலிருந்து கசியும் ஏ.டி.பி.யை (செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் பொருள்) உணர்ந்து சில நிமிடங்களுக்குள் தம் கிளைகளைக் காயத்தை நோக்கி நீட்டிவிடும்.

சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் நுழைகின்றன. எலியில் முதல் நாளையொட்டி இவற்றின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடுகிறது. இவை கிருமியைக் கொல்லப் பிறந்தவை; புரதத்தைச் சிதைக்கும் நொதிகளையும் ஆக்சிஜனேற்றப் பொருள்களையும் சுமந்து வருகின்றன. மூடிய தண்டுவடக் காயத்தில் கிருமி இல்லை. அவை கொட்டுவது பக்கத்தில் பிழைத்திருக்கும் நரம்புகளின் மேல் விழுகிறது.

இரண்டு மூன்று நாள்களில் மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் வரத் தொடங்கும். எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் இருந்து வரும் இவை காயத்துக்குள் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களாக மாறி, செத்த செல்களையும் நரம்புக்கு உறையாக இருந்த மயலினின் சிதைவுகளையும் விழுங்குகின்றன. எலியில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உச்சம். மனிதர்களில் காயம் பட்டு மாதங்கள் கழிந்த பிறகும் மயலின் நிறைந்த மேக்ரோஃபேஜ்கள் அங்கேயே தங்கியிருப்பதை இறந்தவர்களின் தண்டுவடத்தை ஆராய்ந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். டி செல்கள், பி செல்கள் என்ற வேறு எதிர்ப்புச் செல்கள் அதற்கும் பின்னால் வருகின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1999இல் அமெரிக்காவில் பில்லிப் போபோவிச் குழுவினர், காயம்பட்ட எலிகளில் இரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ்களை மருந்தால் குறைத்துப் பார்த்தார்கள். எலிகள் முன்னைவிட நன்றாக நடந்தன. சரி, அடக்குவதுதான் வழி என்று தோன்றுகிறது அல்லவா? 2019இல் கனடாவின் லாவால் பல்கலைக்கழகக் குழு, சுண்டெலிகளில் மைக்ரோக்ளியாவை அகற்றிவிட்டுக் காயம் ஏற்படுத்தியது. அவை மோசமாகத்தான் மீண்டன. காயத்தைச் சுற்றி உருவாக வேண்டிய தழும்பு ஒழுங்காகக் கூடவில்லை. அதிக நரம்புகள் செத்தன. ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும் இரண்டு செல்களில் ஒன்றைக் குறைத்தால் நன்மை, மற்றொன்றை அகற்றினால் கேடு.

ஆகவே எந்தச் செல், எந்த நாளில், எந்த இடத்தில் என்று கேட்காமல் "அடக்கு" என்பதும் பொருந்தாது, "கூட்டு" என்பதும் பொருந்தாது. மாமா வாங்கி வந்ததை மருத்துவரிடம் காட்டாமல் ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள்.

வெட்டாறு (திருவாரூர்)

தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றிய செவிலி நான். சித்தப்பாவின் ஸ்டீராய்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தக் கேள்வியால் எத்தனையோ குடும்பங்கள் தேவையில்லாமல் வெந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மிக அதிக அளவில் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 1990இல் வெளிவந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் முதலில், பிறகு கிலோவுக்கு மணிக்கு 5.4 மில்லிகிராம் வீதம் 23 மணி நேரம். ஆய்வில் சேர்ந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை. 8 மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் தசை வலிமையில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அதை வைத்து உலகம் முழுவதும் பல ஆண்டுகள் போட்டார்கள். 1997இல் வந்த அடுத்த ஆய்வில், 48 மணி நேரம் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் கடுமையான நிமோனியாவும் இரத்தத்தில் கிருமி பரவுவதும் கூடியிருந்தன.

2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை வல்லுநர்கள் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதினார்கள். 2017இல் வேறொரு பன்னாட்டுக் குழு, 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் 24 மணி நேரம் கொடுப்பதை ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றது. "வாய்ப்பு" என்றுதான் சொன்னார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லை. போட்டாலும் தவறில்லை, போடாவிட்டாலும் அலட்சியமில்லை என்பதுதான் இன்றைய நிலை. தலைக்காயத்தில் இதே மருந்தை 10,008 பேரிடம் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். எதிர்ப்புச் செல்கள் கிளப்பும் அழற்சியை மொத்தமாக அமுக்கினால் நல்லது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது.

கேட்க வேண்டியது வேறு. விழுந்த இடத்திலிருந்து எப்படித் தூக்கினார்கள்? இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து உடலை மடக்கி மினி வேனில் ஏற்றிக்கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை. 108 வரும்வரை ஆளை அசைக்காமல் இருப்பதும், கழுத்தும் முதுகும் திரும்பாமல் பலகையில் உருட்டி ஏற்றுவதும் எந்த ஊசியையும்விடப் பெரியவை. தோப்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

பாமணிக்கரை

அக்கா, ஒரு பெரிய பாரம் இறங்கியது. சித்தப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுகிறேன். பக்கத்துத் தோப்பில் இருந்தவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை அவனை அசைக்கவில்லை. அந்த விவரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோப்புக்காரன் (பேராவூரணி)

எல்லோரும் ஆராய்ச்சியைச் சொல்கிறீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதி, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனான். ஸ்டெம் செல் ஊசி போட்டு மூன்றாம் மாதம் கால் கட்டைவிரல் அசைந்தது. கஜா புயலில் என் மரங்கள் சாய்ந்தபோது எந்த நிபுணரும் வந்து கைகொடுக்கவில்லை, ஊர்க்காரர்கள்தான் வந்தார்கள். அதனால் பட்டவர்கள் சொல்வதையும் கேளுங்கள். நிலம் போனால் சம்பாதிக்கலாம், கால் போனால் வருமா? நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள்.

அரசலாறு

ஐயா, அந்தப் பையனின் விரல் அசைந்தது உண்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். அது ஊசியால் அசைந்ததா என்பதுதான் கேள்வி. காயம் பட்ட முதல் சில மாதங்களில் சிகிச்சை எதுவானாலும் பலருக்குக் கொஞ்சம் உணர்வோ அசைவோ திரும்புவது உண்டு. தண்டுவடம் முழுவதும் அறுபடாமல் சில இழைகள் பிழைத்திருந்தால் இன்னும் கூடுதலாகத் திரும்பும். அதனால்தான் ஊசி பெறாத ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இது வெறும் கொள்கைப் பேச்சு அல்ல. எதிர்ப்புச் செல்களை வைத்தே இது நடந்திருக்கிறது.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மிஹால் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் பெரும்பான்மைக்கு எதிராக நின்றவர். மேக்ரோஃபேஜ்கள் தண்டுவடத்தைக் கெடுப்பதில்லை, போதிய அளவிலும் தக்க பக்குவத்திலும் வராததுதான் குறை என்றார். கைகால் நரம்பு அறுந்தால் மீண்டும் வளர்கிறது. அங்கே மேக்ரோஃபேஜ்கள் மயலின் சிதைவைச் சில வாரங்களில் அகற்றிவிடுகின்றன. தண்டுவடத்தில் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆகவே மேக்ரோஃபேஜ்களை வெளியே எடுத்து, கைகால் நரம்புத் துண்டோடு வைத்துப் பழக்கி, தண்டுவடம் அறுக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினார். சில எலிகளின் பின்னங்கால்கள் ஓரளவு அசைந்தன. 1998இல் அது வெளிவந்தபோது பெரும் பரபரப்பு.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். அவரவர் இரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, தோல் துண்டோடு வைத்துப் பக்குவப்படுத்தி, காயம் பட்ட இரண்டு வாரத்துக்குள் தண்டுவடத்தில் செலுத்தினார்கள். தொடக்கச் சோதனையில் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. செலுத்தப்பட்டவர்களையும் செலுத்தப்படாதவர்களையும் ஒப்பிட்ட அடுத்த சோதனை, சோதனையை நடத்திய தனியார் நிறுவனத்திடம் பணம் தீர்ந்ததால் பாதியில் நின்றுபோனது. அதுவரை சேர்ந்திருந்த 43 பேரின் முடிவு 2012இல் வந்தது. செல் பெற்ற 26 பேரில் 7 பேருக்கு, காயத்தின் கடுமையைக் குறிக்கும் அளவுகோலில் குறைந்தது ஒரு படி முன்னேற்றம். செல் பெறாத 17 பேரில் 10 பேருக்கு அதே முன்னேற்றம்.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். செல் பெற்ற 7 பேரின் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தங்கள் பிள்ளை ஊசியால்தான் தேறினான் என்று நெஞ்சில் அடித்துச் சொல்லியிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒப்பிட ஆள் இல்லாதபோது உண்மை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஷ்வார்ட்ஸின் கேள்வி வீணாகவில்லை. இரத்தத்திலிருந்து வரும் மோனோசைட்டுகளில் ஒரு பகுதி அழற்சியைத் தணிக்கிறது, அது இல்லாவிட்டால் எலி சரியாக மீள்வதில்லை என்று அவர் குழு 2009இல் காட்டியது. காயத்தைக் கூட்டும் வகை, ஆற்றும் வகை என்று மேக்ரோஃபேஜ்களை இரண்டாகப் பிரித்துப் பேசியதும் அந்தக் காலத்தில்தான். இன்று அந்தப் பிரிப்பும் போதவில்லை. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் படிக்கும்போது இரண்டுக்கும் நடுவே பல நிலைகள் தெரிகின்றன. நேற்று நொதி கொட்டிய செல் இன்று வளர்ச்சிப் பொருள் சுரக்கலாம்.

இத்தனை வேலையும் இன்னும் ஆய்வுக்கூடத்தில் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு நிலையம் பணம் வாங்கிக்கொண்டு "சீராக்கித் தருகிறேன்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: இரத்த நோய் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர, ஸ்டெம் செல் எதுவும் ஏற்கப்பட்ட சிகிச்சை ஆகாது, பதிவுசெய்த மருத்துவச் சோதனைக்கு வெளியே செய்யக் கூடாது. சோதனையில் சேருபவரிடம் அதற்குப் பணம் கேட்கவும் கூடாது. அந்த நிலையத்திடம் மருத்துவச் சோதனைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தோப்புக்காரன்

26க்கு 7, 17க்கு 10 என்ற கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது. அண்ணன் மகனுக்கு விரல் அசைந்ததோடு சரி, அதற்குமேல் எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வீட்டில் ஒருவன் படுத்துக் கிடக்கும்போது கை கட்டிக்கொண்டு இருக்க முடியாது அம்மா. அதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வாசிரியர் (மயிலாடுதுறை)

விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு சொல். 1882இல் மெசினா கடற்கரையில், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம் உயிரிக்குள் முள்ளைச் செருகி, மறுநாள் அதைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருப்பதைக் கண்டவர் மெச்னிகோவ். விழுங்கு செல்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. மைக்ரோக்ளியாவைத் தனிச் செல்லாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயினின் டெல் ரியோ ஓர்தேகா, 1919இல். அதாவது இவற்றை நாம் அறிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அம்மா அரசலாறு, எனக்கு விளங்காத ஒன்று உண்டு. கொள்ளிடத்தில் உடைப்பெடுத்தால் முதலில் மணல் மூட்டை அடுக்கித்தான் தண்ணீரை நிறுத்துகிறோம். அந்த மூட்டைகள் அப்படியே கிடந்தால் பின்னால் மதகு வைக்க முடியாது. தண்டுவடத்தின் தழும்பும் அப்படித்தானா? முதலில் காப்பாற்றி, பிறகு வழி மறிக்கிறதா? மீனுக்குத் தண்டுவடம் அறுந்தாலும் வளர்ந்துவிடுகிறதே, அதற்கு மட்டும் எப்படி முடிகிறது?

அரசலாறு

ஐயா, நீங்கள் சொன்னது பெரும்பாலும் பொருந்துகிறது. தழும்பின் வெளிச்சுற்றில் நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் அஸ்ட்ரோசைட்டுகள் என்ற செல்கள், உள்ளே மேக்ரோஃபேஜ்களும் நார்ச்செல்களும், இரண்டுக்கும் எல்லையில் மைக்ரோக்ளியா. அழற்சி நல்ல திசுவுக்குள் பரவாமல் தடுப்பது இந்தச் சுற்றுதான். நரம்பு இழை வளர முடியாமல் தடுப்பதும் இதுதான் என்று நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். 2016இல் மைக்கேல் சோஃப்ரோனியூ குழு அஸ்ட்ரோசைட் தழும்பை உருவாகாமல் தடுத்துப் பார்த்தது. பிறகு உருவானதை அழித்தும் பார்த்தது. இழைகள் வளரவில்லை. தழும்பு இருந்தபோது, வளர்ச்சிப் பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தால் அதன் ஊடாகவே வளர்ந்தன. ஆகவே மூட்டையை எடுத்துவிட்டால் போதும் என்று சொல்ல முடியவில்லை.

வரிக்குதிரை மீன் சில வாரங்களில் தண்டுவடத்தை இணைத்துக்கொண்டு மறுபடி நீந்துகிறது. அதன் குஞ்சுகளில் செய்த ஆய்வில் தெரிந்தது: தொடக்கத்தில் எழும் அழற்சி வளர்ச்சிக்கு வேண்டும், ஆனால் அது சீக்கிரம் தணிய வேண்டும், தணிப்பவை மேக்ரோஃபேஜ்கள். அவை இல்லாத மீனில் அழற்சி நீண்டு, இணைப்பு நின்றுவிடுகிறது.

பாலூட்டியிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பிறந்து இரண்டொரு நாளே ஆன சுண்டெலியின் தண்டுவடத்தை நசுக்கினால் தழும்பே இல்லாமல் கூடி, இழைகள் அதைக் கடந்து வளர்கின்றன. 2020இல் பாஸ்டனில் ஷிகாங் ஹே குழு இதைக் காட்டியது. அங்கே வேலை செய்தவை மைக்ரோக்ளியாவே. ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைச் சுரந்து அறுந்த இரு முனைகளுக்கும் இடையே பாலம் போட்டன. நொதிகளை அடக்கும் பொருள்களையும் சுரந்து அழற்சியை அணைத்தன. அந்தக் குட்டிகளின் மைக்ரோக்ளியாவை வளர்ந்த சுண்டெலிக்கு மாற்றியபோது காயம் முன்னைவிட நன்றாக ஆறியது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மனிதருக்கு மருந்தாக வர நீண்ட தூரம் இருக்கிறது. ஆனால் வளர்ந்த உடம்பு மறந்துவிட்ட ஒன்றைக் குட்டியின் செல் நினைவில் வைத்திருக்கிறது என்பது பெரிய செய்தி.

குடமுருட்டி (பாபநாசம்)

தம்பி பாமணிக்கரை, நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். மேட்டூர் தண்ணீர் வந்த புதிதில் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தேன், ஆழம் இல்லை. கழுத்தில் அடி. இன்று மளிகைக் கடை நடத்துகிறேன், திருமணமும் ஆயிற்று. மேலே படித்த அறிவியல் எல்லாம் எனக்கும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இன்றைக்கு உன் தம்பியின் உயிரைக் காப்பது அந்தக் காயத்துக்குள் இல்லை. சிறுநீர், நுரையீரல், தோல் ஆகிய மூன்று இடங்களில் இருக்கிறது. என்னோடு வார்டில் படுத்திருந்தவர்களில் போய்விட்டவர்கள் எல்லோரும் இந்த மூன்றில் ஒன்றால் போனவர்கள்.

தம்பிக்கு நெஞ்சுப் பகுதியின் 4ஆவது முள்ளெலும்பு என்கிறாய். 6ஆவதிலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று தலை பிளக்கும் வலி. முகமெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, கழுத்துக்குக் கீழே தோல் வெளிறிக் காய்ந்து கிடக்கிறது. இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மனைவி தேடிப் பார்த்தாள். சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிப் பை காலியாக இருந்தது. குழாயை நிமிர்த்தியதும் பை நிறைந்தது, தலைவலி இறங்கியது. வேட்டி முடிச்சைத் தளர்த்து, நிமிர்ந்து உட்கார வை, குழாயைப் பார், மலம் கட்டியிருக்கிறதா பார், அடியில் ஏதாவது குத்துகிறதா பார். இறங்காவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை. பக்கவாதமே வரலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவை. எல்லா மருத்துவருக்கும் சட்டென்று இது நினைவுக்கு வராது. நீதான் சொல்ல வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வை, இரவிலும். பிட்டம், குதிகால், வால் எலும்பு மூன்றையும் தினமும் விளக்கடியில் பார். சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்காமல் இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவே கூடாது.

வெட்டாறு

அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். குழாய் வைத்தவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருப்பது இயல்பாகிவிடும். காய்ச்சலோ நடுக்கமோ தசை இறுக்கம் திடீரெனக் கூடுவதோ இல்லாமல், சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். கடையில் கேட்டு வாங்கி விழுங்கி, பிறகு உண்மையான தொற்று வரும்போது எந்த மருந்துக்கும் மசியாத கிருமியோடு வருகிறார்கள். மருத்துவர் சம்மதித்தால் நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டு, நேரத்துக்கு நேரம் தானே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொடுப்பார்கள். தம்பியின் கைகள் நன்றாக இருப்பது இதற்குப் பெரிய வரம்.

அரசலாறு

குடமுருட்டி அண்ணன் எழுதியதற்குப் பின்னாலும் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. கேள்வி காயத்தைப் பற்றியே இருந்ததால் அங்கேயே நின்றேன்.

தண்டுவடக் காயத்தில் எதிர்ப்பு மண்டலம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடக்கிறது. காயத்துக்குள் அழற்சி மாதக்கணக்கில் எரிகிறது. உடம்பின் மற்ற பகுதியில் எதிர்ப்பு தளர்ந்துபோகிறது. காயம் பட்ட ஒரு நாளுக்குள் இரத்தத்தில் நிணநீர்ச் செல்களின் எண்ணிக்கை சரிவதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். காரணம் நரம்பு வழித் தொடர்பு. உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் பரிவு நரம்புகளில், மண்ணீரலுக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் போகிறவை தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. காயம் அதற்கு மேலே இருந்தால் மூளையின் கட்டுப்பாடு அறுந்து, அந்த நரம்புகள் தம் போக்கில் இயங்கத் தொடங்குகின்றன. எலிகளில் மண்ணீரல் சுருங்குவதையும் அங்குள்ள செல்கள் அழிவதையும் கண்டிருக்கிறார்கள். அண்ணன் சொன்ன அந்த இரத்த அழுத்த ஏற்றம் திரும்பத் திரும்ப வந்தால் எதிர்ப்பு மேலும் தளர்வதைப் போபோவிச் குழு எலிகளில் காட்டியிருக்கிறது. ஆகவே குழாய் மடங்காமல் பார்ப்பதும் மண்ணீரலைக் காப்பதுதான்.

இன்னொன்று. ஆரம்ப நாள்களில் நிமோனியா அல்லது அறுவைப் புண்ணில் தொற்று வந்தவர்களுக்கு நரம்பு மீட்சியும் குறைவாக இருந்தது என்று பெர்லின் ஆய்வாளர்கள் அமெரிக்கப் பதிவுகளை வைத்து 2012இல் எழுதினார்கள். தொற்றைத் தடுப்பது உயிரைக் காப்பதோடு நிற்பதில்லை. திரும்பி வரக்கூடிய அசைவையும் காக்கிறது.

மாமா கூட்ட நினைக்கும் எதிர்ப்பு சக்தி இங்கே உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஆனால் சூரணம் அந்த அறுந்த நரம்பை இணைக்காது. அந்தக் குறையை ஈடுசெய்வது சுத்தமான கை, காற்று நிரம்பிய நுரையீரல், புண் இல்லாத தோல், புரதம் நிறைந்த சாப்பாடு.

இயன்முறை மருத்துவர் (தஞ்சாவூர்)

நுரையீரலைப் பற்றி ஒரு பத்தி. நெஞ்சுப் பகுதியின் 4ஆவது முள்ளெலும்பில் காயம் என்றால் வயிற்றுத் தசைகள் வேலை செய்யாது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளிலும் பெரும்பகுதி போய்விடும். மூச்சு இழுப்பான், ஆனால் இருமிச் சளியை வெளியேற்ற வலிமை இருக்காது. தங்கும் சளியில்தான் நிமோனியா தொடங்குகிறது. முதுகுக் கம்பி உறுதியாக இருக்கிறது என்று அறுவை செய்த மருத்துவர் சொன்ன பிறகு, விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அவன் இருமும் அதே நொடியில் உள்நோக்கி மேலே அழுத்தும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு பேராவது கற்க வேண்டும். வெறும் காணொளியைப் பார்த்துச் செய்யாதீர்கள். ஒருமுறை நேரில் பாருங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். முழுமையான மறுவாழ்வுப் பயிற்சிக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்தைக் கேட்டுப் பாருங்கள். அதைத் தொடங்கிய மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக் காயத்தால் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவியது.

பாமணிக்கரை

எல்லோருடைய பதிலையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். குடமுருட்டி அண்ணன் எழுதியதை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னான். கடை வைத்திருக்கிறார் என்ற இடத்தில் "என்ன கடை?" என்று கேட்டான்.

நிலத்தை விற்கவில்லை. அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பதிவு எண் கேட்டேன். "நேரில் வாருங்கள், எல்லாம் சொல்கிறோம்" என்றார்கள். போகப் போவதில்லை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டேன், அவருக்கு வருத்தம்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. எதிர்ப்பு தளர்ந்திருக்கிறது என்றால் தடுப்பூசி போடலாமா, போட்டால் ஆபத்தா? ஐப்பசி அடைமழையில் வீட்டில் எல்லோருக்கும் சளி பிடிக்கும்.

வெட்டாறு

போடலாம், போடுவது நல்லது. இன்ஃப்ளூயன்சா ஊசியில் இருப்பது செத்த கிருமி. அதனால் காய்ச்சல் நோய் வராது. தண்டுவடக் காயம் உள்ளவர்களை இன்ஃப்ளூயன்சாவால் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாகும் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன் போட வேண்டும். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியைப் பற்றியும் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். ஊசி போட்ட இடம் வீங்கினால் அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதால் தொடையில் வேண்டாம், தோளில் போடச் சொல்லுங்கள். வீட்டில் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பவர்களும் இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி

மளிகைக் கடை. பெரிய பெட்டிக்கடை என்றும் சொல்லலாம். தராசை மடிக்குப் பக்கத்தில் தாழ்வாக அமைத்திருக்கிறேன். தம்பியிடம் என் எண்ணைக் கொடுக்கலாம், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை கடையில் கூட்டம் இருக்காது, அப்போது பேசச் சொல்.